வேலிக்கு அடியில் போன ஹாப்ஸ் கிழங்கு

1

பக்கத்து வீட்டு டாம் கதவைத் தட்டியபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். அவனும் அவன் மனைவியும் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த ஊர்க்காரர்கள் புகார் சொல்ல வந்தால் முதலில் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். டாம் வெயிலைப் பற்றிப் பேசினான், குழந்தைக்குப் பல் முளைப்பதைப் பற்றிப் பேசினான், அதன் பிறகு தானே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். எங்கள் தோட்டத்து ஹாப்ஸ் கொடி மரவேலிக்கு அடியில் புகுந்து அவன் பக்கம் போய்விட்டதாம்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அவன் புதிதாகப் பதித்திருந்த தரைக்கற்களின் இடுக்கில், செங்கல் நிறத்தில், சுண்டுவிரல் பருமனில் நாலைந்து முளைகள் தலைநீட்டியிருந்தன. ஒரு கல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அவசரமில்லை. உங்கள் மனைவி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்," என்றான் டாம். அவன் வசந்தியைப் பார்த்ததே இல்லை. அவள் ஊருக்குப் போன பிறகுதான் இவர்கள் வந்தார்கள்.

"இந்த மாதக் கடைசியில் வருகிறாள்," என்றேன். அது பொய் இல்லை. டிக்கெட் போட்டிருந்தது.

2

கடலூரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஹாப்ஸ் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஒரு கொடியின் பூ. பச்சை நிறத்தில், செதில் செதிலாக, காகிதத்தில் செய்த சவுக்குக்காய் மாதிரி இருக்கும். கொடி கோடையில் கூரை உயரம் ஏறும். குளிர் வந்தால் மேலே எல்லாம் பட்டுப்போய், மண்ணுக்குள் மட்டும் உயிர் இருக்கும். அங்கே இஞ்சி மாதிரி படுத்தவாக்கில் ஒரு தண்டு ஓடும். அதற்குப் புத்தகத்தில் வேறு பேர் உண்டு; எங்கள் வீட்டில் கிழங்கு. நாங்கள் இருக்கிற, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு காலத்தில் ஏக்கர் ஏக்கராக இதுதான் பயிராம்.

நான் குடிக்கிறவன் இல்லை. வசந்திக்குப் பீர் வாசனையே ஆகாது. பிறகு எதற்கு இந்தக் கொடி என்றால், பொரியலுக்கு. வசந்தி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை செய்த ஓர் அம்மாள் ஒரு பாலிதீன் பையில் ஈர மண்ணோடு இந்தக் கிழங்கைக் கொடுத்து, வசந்த காலத்தில் வரும் இளம் முளையைச் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவு போதும் எங்கள் ஆளுக்கு. அடுத்த வருஷமே முளையைக் கிள்ளி, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு வதக்கி வைத்துவிட்டாள். தண்டுக்கீரையும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ருசி.

திருப்பாதிரிப்புலியூரில் கடை வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரருக்கு இந்தச் செய்தி எப்படியோ வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. "என்னா மச்சான், வீட்டுலயே பீரு செடி வெச்சிருக்கீங்களாம். நமக்கும் ஒரு கட்டிங் அனுப்புறது!" என்று போனில் சிரித்தார். பின்னால் கடையில் நின்ற நாலு பேரும் சிரிப்பது கேட்டது.

நான் கடலூர் லாரன்ஸ் ரோட்டுக்குப் பின்புறம் ஒரு மாடிவீட்டில் வளர்ந்தவன். கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். மண் என்பது ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் செருப்பில் ஒட்டுவது. வசந்தி சிதம்பரத்துப் பெண். அவள் அப்பா சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். தாயில்லாத ஒற்றைப் பிள்ளையை அவர்தான் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தார். இங்கே வந்து சேர்ந்த புதிதில் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை இருந்தது. வசந்திக்கு ஜன்னலும் அதற்கு வெளியே ஒரு துண்டு நிலமும் இருந்தன. அந்த நிலத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு மார்ச்சிலும், முளை வெளியே வருவதற்கு முன்னால், கொடியின் அடியைச் சுற்றி வட்டமாக மண்ணை வெட்டுவாள். வட்டத்தைத் தாண்டி ஓடப் பார்க்கிற கிழங்குகளை அறுத்து எடுத்துவிடுவாள். "இத வருஷா வருஷம் செய்யணும் மாமா. வுட்டா ஊரையே சுத்தி வந்துடும்," என்பாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். முன்பிருந்த பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்து, "உங்கள் மனைவி ஏன் உங்களை அம்மா என்று அழைக்கிறார்?" என்று கவலையோடு விசாரித்தாள். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மா.

அந்த மார்ச்சிலும் அதற்கு முந்தின மார்ச்சிலும் யாரும் வெட்டவில்லை. அதுதான் டாம் வீட்டுக் கல் தூக்கிக்கொண்டதன் காரணம்.

3

மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது வசந்தி கையில் அகப்பட்ட புடவைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். அவருக்கு வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போயிற்று, பிறகு கொஞ்சம் திரும்பி வந்தபோது அதில் ஊர்ப் பெயர்கள்தான் இருந்தன. படுக்கையில் கிடந்தபடி பஸ் நிறுத்தங்களைக் கூவினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். பசித்தாலும் அதுதான், படுக்கை நனைந்தாலும் அதுதான். எந்த ஊரை எந்தக் குரலில் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அவரை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டோம். டாக்டர் சான்று, எக்ஸ்ரே, வீட்டுப் படம் எல்லாம் வைத்தோம். சிதம்பரத்திலேயே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதில்தான். வசந்தி அதைப் போனில் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆள் வெச்சா அந்த ஆளு முட்லூருக்கு என்னா அர்த்தம்னு யார கேப்பாங்க?" என்றாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியவன். அவள் வாங்கவில்லை. "அப்பாவுக்கு ஒண்ணுன்னா விசாவுக்கா நிப்பேன்?" என்று அப்போதே மறுத்துவிட்டாள். இந்திய பாஸ்போர்ட்டோடு நிரந்தரமாகத் தங்கும் உரிமை மட்டும் வைத்திருந்தாள். தொடர்ந்து இரண்டு வருஷம் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் அந்த உரிமை போய்விடும். ஏப்ரலோடு இரண்டு வருஷம். அதற்குள் ஒருமுறை வந்து இருந்துவிட்டுப் போகத்தான் மார்ச் கடைசிக்கு டிக்கெட் போட்டது. சித்தப்பா மகன் ஒருவன் அந்த நாட்களில் அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

டாம் வந்துபோன அடுத்த சனிக்கிழமை தோண்டினேன். போனைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்து வீடியோவில் அவளை அழைத்தேன். அங்கே மதியம் தாண்டியிருந்தது. அவளுக்குப் பின்னால் கட்டிலின் ஓரமும் அவள் அப்பாவின் காலும் தெரிந்தன.

"மண்வெட்டிய போடாதீங்க மாமா, கெழங்கெல்லாம் துண்டாயிடும். நாலு பல்லு வெச்ச ஃபோர்க் இருக்குமே, ஷெட்டுல, அத எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தேன்.

"இன்னும் தள்ளிக் குத்துங்க. இன்னும் தள்ளி. ஆங், இப்ப ஏறி மிதிங்க."

மிதித்து நெம்பினேன். மண் பிளந்தது. நான் நாலு வேர் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அடியில் ஒரு பெரிய முண்டும் அதிலிருந்து எல்லாத் திசைகளிலும் கயிறு கயிறாகக் கிழங்குகளும் கிடந்தன. கட்டைவிரல் தடிமன். ஒன்று நேராக வேலிக்கு அடியில் போயிருந்தது. பிடித்து இழுத்தேன், டாம் வீட்டுப் பக்கம் எங்கேயோ கல் அசையும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தயும் எடுத்துடுங்க. வேலியோரம் வெச்சது என் தப்பு. அந்தாண்ட செவத்தோரம் மாத்தி நட்டுடலாம். மொதல்ல அறுங்க. ஒரு சாண் அளவுக்கு. துண்டுக்கு ரெண்டு முளையாவது இருக்கணும். வெள்ளையா, கூரா இருக்கும் பாருங்க, பல்லு மாதிரி."

"இது முளையா, வேரா?"

"கேமரா கிட்ட காட்டுங்க. அது வெறும் வேரு. தூக்கிப் போடுங்க. அடுத்தது."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். அறுத்த இடத்தில் உள்ளே வெண்ணெய் நிறமாக இருந்தது, பச்சை வேர்க்கடலை மாதிரி ஒரு வாசனை. கட்டிலிலிருந்து "ஆலப்பாக்கம்... ஆலப்பாக்கம் எறங்கு..." என்று இருமலோடு குரல் வந்தது. வசந்தி திரும்பி, "எல்லாரும் எறங்கியாச்சுப்பா, போலாம் ரைட்," என்றாள். அவர் அடங்கினார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன் மாமா."

நான் கையில் ஒரு கிழங்கோடு நின்றேன்.

"நெஞ்சுல சளி ஜாஸ்தியாயிடுச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்து நேத்துதான் வுட்டாங்க. உங்க கிட்ட சொல்லல. டாக்டரு எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாரு."

"ஒரு வாரம்தான வசந்தி. இறங்கி ரெண்டு நாள் இருந்துட்டு அடுத்த பிளைட்டுல போயிடேன். இது போச்சுன்னா அப்புறம்..."

"அந்த ரெண்டு நாள்ல அவுரு போயிட்டா?"

கையிலிருந்த கிழங்கை மண்மேல் வைத்தேன். மேலே ஒரு கடற்புறா கத்திக்கொண்டு போனது. அவள் இப்போது என் பக்கம் திரும்பினாள்.

"அத வெயில்ல வெக்காதீங்க. காஞ்சிடும். ஈரத்துணி போட்டு மூடுங்க."

4

மறுநாள் கயல் வந்தாள். லீட்ஸில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகள். அவள் சினேகிதன் ஒருவன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறானாம், அவனுக்குக் கிழங்கு வேண்டும் என்று கேட்டிருந்தாள். அம்மா பொரியலுக்கு வளர்த்தது கடைசியில் அதன் சொந்த வேலைக்கே போகிறது.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை நனைத்துக் கிழங்குகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். கயலின் தமிழ் சின்ன வயசில் நன்றாக இருந்தது. இப்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

"அப்பா, இத எப்ப புதைக்கணும்?"

"நடணும்னு சொல்லும்மா. புதைக்கிறது வேற."

"ரெண்டும் மண்ணுக்குள்ளதான போகுது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கிழங்கை எடுத்துச் சுற்றிக்கொண்டே, "அம்மா டிக்கெட் கேன்சல் பண்ணது எனக்குத் தெரியும்," என்றாள்.

"எப்ப சொன்னா?"

"வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுனாங்க."

என்னிடம் சொன்னது சனிக்கிழமை. ஈரத்தாளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா அழுதாளா?"

"தாத்தாவுக்காக அழுதாங்க. இதுக்கு இல்ல." அவள் தேடித் தேடித் தமிழில் சொன்னாள். "அவுங்க அங்க சந்தோஷமா இருக்காங்கப்பா. கஷ்டம்தான். ஆனா சந்தோஷமா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மாலை ரயிலுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். பிளாட்பாரத்தில் அந்த ஈரப்பொட்டலத்தைக் குழந்தையை வைத்துக்கொள்வது போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வண்டி போன பிறகு வீட்டுக்குத் திரும்ப மனசில்லாமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இப்படி உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்தவர் யாராவது வந்து, என்ன தம்பி, யாருக்குக் காத்திருக்கே என்று கேட்பார்கள். இங்கே ஒரு பெண் வந்து இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து போனைப் பார்த்தாள்.

5

மீதிக் கிழங்குகளைச் சுவரோரம் நட்டேன். படுக்கவைத்து, முளை மேலே பார்க்கும்படி, ஒரு விரல் நீளம் மண் மூடும் ஆழத்தில். இரண்டு துண்டைத் தொட்டியில் வைத்து டாமிடம் கொடுத்தேன். அவன் பயந்துபோய்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்தான். "இதற்கு அடியில் ஓட்டை இல்லை," என்று உறுதி சொன்னேன். ஓட்டை இருந்தது. இல்லாவிட்டால் அழுகிவிடும். தட்டு வைத்திருந்தேன்.

ஏப்ரலில், இரண்டு வருஷம் முடிகிற அந்தத் தேதி வந்தது. நாட்காட்டியில் நான் குறிக்கவில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் அதுதான் நினைவு. யாரும் கதவைத் தட்டவில்லை. தபாலில் எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டினேன். சாயங்காலம் வசந்தி வழக்கம் போலப் பேசினாள். மழை வந்ததா, முளை வந்ததா என்று கேட்டாள். இரண்டும் வந்தது என்றேன். அந்தத் தேதியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

வேலை செய்யும் இடத்தில் எல்லாரும், மனைவி எப்போது வருகிறார் என்று அன்பாகக் கேட்பார்கள். 'சீக்கிரம்' என்பேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மிகவும் உதவியானது. எவ்வளவு சீக்கிரம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஆடி பிறந்ததும் மாமனார் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. சிதம்பரத்து வீட்டு வாசலில் அவரோடு வேலை பார்த்த கண்டக்டர்களும் டிரைவர்களும் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்கள். வசந்தி எல்லாரையும் பேர் சொல்லி உட்காரவைத்தாள். கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, சீமையிலிருந்து வந்திருக்கிறார் என்று பக்கத்தில் ஒரு மின்விசிறியும் வைத்தார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வேலை விடுப்பு அவ்வளவுதான். இனி அவளுக்கு அங்கே இருக்கக் காரணம் இல்லை என்று விமானத்தில் நினைத்துக்கொண்டேன்.

6

செப்டம்பரில் வசந்தி வந்தாள், சுற்றுலாப் பயணி விசாவில். எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விக்குத் தன் சொந்த வீட்டு முகவரியை எழுதினாள். அழைப்பவர் யார் என்ற இடத்தில் என் பெயர், உறவு, கணவர். எத்தனை வாரம் தங்குவீர்கள், திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள்.

"ஆதாரத்துக்கு என்னா எழுதுன?" என்று காரில் கேட்டேன்.

"உண்மையத்தான் எழுதுனேன். மெஸ் நடத்துறேன்னு."

அப்பாவை விட்டு நகர முடியாத நாட்களில் காலேஜ் பிள்ளைகள் சிலருக்கு வீட்டிலேயே சமைத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தாள். பொழுதுபோக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். இப்போது அது கனகசபை நகரில் வாடகை இடத்தில், மூன்று பெண்கள் வேலை செய்யும் மெஸ். இங்கே இருந்த நாளெல்லாம் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அக்கா, சாம்பார்ப்பொடி எங்க?" "அக்கா, இன்னைக்கு முப்பது பேரு ஜாஸ்தி வருவாங்க போல." எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு சிதம்பரத்து அடுப்பை நடத்தினாள். அந்தக் குரலில் அவள் இங்கே பேசி நான் கேட்டதில்லை. இங்கே அவள் கடையில் கல்லாவுக்கு வந்தாலும் என் முழங்கைக்குப் பின்னால்தான் நிற்பாள்.

கிளம்புகிற அன்று காலை தோட்டத்தில் ஹாப்ஸ் பூப் பறித்தோம். மாற்றி நட்ட முதல் வருஷம் என்பதால் அதிகம் இல்லை. ஒரு சொம்பு நிறையக்கூட வராது. கொடியில் இருக்கும் சுணை கையைக் கீறியது. அவள் முழங்கை வரை புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பறித்தாள்.

"நல்லாதான் நட்டிருக்கீங்க," என்றாள்.

"மறுபடி விண்ணப்பம் போடலாம் வசந்தி. நான் விசாரிச்சேன். கணவன் மனைவின்னு புதுசா போடணும். கொஞ்சம் இழுக்கும். ஆனா கெடைக்கும்."

அவள் பறிப்பதை நிறுத்தவில்லை.

"வேணாம் மாமா."

"ஏன்?"

"கெடைச்சிடும்னுதான்."

நான் இலைகளை விலக்கிப் பூத் தேடினேன். பிறகு அவளே, "நீங்க அங்க வாங்களேன்," என்றாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன கல்யாணத்தில் அவள் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"அங்க வந்து நான் என்னா பண்ணுவேன்?" என்றேன். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

வசந்தி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "நான் இங்க வந்தப்ப அத யாரு கேட்டா?" என்றாள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் கயலுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி, அது நடக்காது என்று தெரிந்தே பேசிக்கொண்டு போனோம். பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவள் திரும்பி ஒருமுறை கையாட்டினாள். கூட்டம் மறைத்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காரிலிருந்து ஒரு குடும்பம் பெட்டிகளோடு இறங்கிப் போயிற்று. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. சாவி கையில் சூடாகிவிட்டது. போனை எடுத்து அவளை அழைத்தேன். இன்னும் விமானத்தில் ஏறவில்லை. பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"என்னா மாமா, எதயாவது மறந்துட்டனா?"

"இல்ல. நீ கேட்டதத்தான் யோசிச்சேன். எனக்கு அங்க என்னா வேலை இருக்கும்னு நீயே சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை.

"காலைல அஞ்சு மணிக்குக் காய் நறுக்கணும்," என்றாள். "அதுக்குத்தான் ஆள் கெடைக்கமாட்டேங்குது."